பக்கத்துப் பக்கத்தை மூடும் கடதாசி: கம்பனி இரகசியமும் தோட்டச் சம்பளமும்

எங்கள் வாப்பாவின் பலசரக்குக் கடையில் இரண்டு வகைக் கடன் கொப்பிகள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளரின் கையிலேயே இருக்கும் சின்னக் கொப்பி. மற்றது மேசை லாச்சிக்குள் பூட்டியிருக்கும் பெரிய புத்தகம். ஹட்டனைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் போட்ட மறுநாள் காலையில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. மாவும் சீனியும் பருப்பும் மாதம் முழுக்கக் கடனுக்குப் போயிருக்கும். சின்னக் கொப்பிக்கும் பெரிய புத்தகத்துக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் வாப்பா பெரிய புத்தகத்தை எடுத்து விரிப்பார். விரிக்கும்போது எதிர்ப் பக்கத்தின் மேல் ஒரு பழைய பத்திரிகைக் கடதாசியை வைத்து மூடிக்கொள்வார். அடுத்த லயத்து வீட்டுக்காரர் எவ்வளவு கடன் என்பது இவருக்குத் தெரியக்கூடாது. ஆனால் தன்னுடைய பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்ட யாருக்கும் அவர் காட்டாமல் விட்டதை நான் பார்த்ததில்லை.

பிறகு நான் கொழும்பில் தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் பல வருடங்கள் வேலை செய்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்ட தாள்களில் ஒன்று இரகசியக் காப்பு உறுதிமொழி. எந்த நாட்டில் யார் வாங்குகிறார், என்ன விலைக்கு, எந்தெந்தத் தேயிலையை என்ன விகிதத்தில் கலக்கிறோம் என்பவற்றை வெளியில் சொல்லமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. அதைப் பிழையென்று நான் இன்றும் நினைக்கவில்லை. இருபது வருடமாகத் தேடிச் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியலை ஒருவர் பென் டிரைவில் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனால் அது திருட்டுத்தான்.

இந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்து யோசிக்க வைத்த நாள் 2024 ஜூலை 4. பெருந்தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கிய வர்த்தமானி அறிவித்தலை நடைமுறைப்படுத்துவதற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது அன்றுதான்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். 2024 ஏப்ரல் 30ஆம் திகதியிடப்பட்ட வர்த்தமானி, அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா, விசேட கொடுப்பனவு 350 ரூபா என்று மொத்தம் 1,700 ரூபாவை நிர்ணயித்தது. மறுநாள் கொட்டகலையில் நடந்த மே தினக் கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதைப் பெருமையோடு அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. ஜூலையில் தடை வந்தது. பின்னர் அந்த வர்த்தமானி கைவிடப்பட்டு, செப்டெம்பரில் 1,350 ரூபாவுக்கான புதிய வர்த்தமானி வெளிவந்தது. இடையில் காணாமற் போனது நாளொன்றுக்கு 350 ரூபா. மாதம் 20 நாள் வேலை கிடைக்கிற ஒரு வீட்டுக்கு அது 7,000 ரூபா. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கு அந்த 7,000 ரூபா எங்கே வந்து சேரும், எதைக் கழிக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, நாவலப்பிட்டி நகரங்களின் முஸ்லிம் வியாபாரமே தோட்டச் சம்பளத்தின் மேல்தான் நிற்கிறது. இதை வேறொரு சமூகத்தின் பிரச்சினை என்று தள்ளிவைப்பவர்கள் தங்கள் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

கம்பனிகள் சொன்னது இரண்டு. ஒன்று, சம்பளத்தை நிர்ணயித்த நடைமுறை பிழை, எங்கள் பக்கத்தை முறையாகக் கேட்கவில்லை. மற்றது, எங்களால் தாங்க முடியாது. முதலாவது சட்டக் கேள்வி. அதை நீதிமன்றம் பார்க்கும். இரண்டாவது கணக்குக் கேள்வி. அதை யார் பார்த்தது?

இடைக்கால உத்தரவுக் கட்டத்தில் எந்த நீதிமன்றமும் கணக்குப் புத்தகங்களை வைத்துத் தணிக்கை செய்வதில்லை. முகத்தோற்றத்தில் வழக்கு இருக்கிறதா, தடை விதிக்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத நட்டம் வருமா என்றுதான் பார்க்கும். ஆகவே நீதிமன்றத்தைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. 2021இலும் இதே கதைதான். 1,000 ரூபா சம்பளத்துக்கான வர்த்தமானி 2021 மார்ச் 5இல் வெளிவந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. அந்த முறை இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. கூட்டு ஒப்பந்தத்தில் ஆயிரம் குறை இருந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து தோட்டத்தில் வேறு கதை சொன்ன காலங்களை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் இரண்டு தரப்பும் ஒரே மேசையில் இருந்தன. உங்களால் முடியாதென்றால் ஏன் முடியாது என்று முகத்தைப் பார்த்துக் கேட்க ஓர் இடம் இருந்தது. இப்போது சம்பளம் வர்த்தமானியிலும் சத்தியக் கடதாசியிலும் தீர்மானமாகிறது. கேட்கும் இடம் போய்விட்டது.

கேட்டாலும் கிடைக்கும் பதில் எமக்குத் தெரிந்ததுதான்: அது கம்பனியின் உள்விவகாரம், வணிக இரகசியம்.

வணிக இரகசியம் என்பது நினைத்தபடி சொல்லிக்கொள்ளும் வார்த்தையா? இலங்கையில் அதற்குச் சட்டத்தில் அளவுகோல் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, நேர்மையற்ற போட்டியைப் பற்றிச் சொல்லும்போது, வெளியிடப்படாத தகவலுக்குப் பாதுகாப்புத் தருகிறது. மூன்று விடயங்கள் இருக்க வேண்டும். அந்தத் தகவல் அந்தத் துறையிலுள்ளவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்ததாக இருக்கக்கூடாது. இரகசியமாக இருப்பதனாலேயே அதற்கு ஒரு வணிகப் பெறுமதி இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் அதைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். நான் கையெழுத்துப் போட்ட கலவை விகிதமும் வாடிக்கையாளர் பட்டியலும் இதற்குள் சரியாகப் பொருந்தும். ஊழியர் ஒருவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனால் கம்பனி கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போய்த் தடைக்கட்டளை கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

ஆனால் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திடம் அப்படிப்பட்ட இரகசியம் எவ்வளவு இருக்கிறது? இதைத் தேயிலைக் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. எந்தத் தோட்டத்தின் எந்தத் தரத் தேயிலை இந்த வாரம் கிலோ என்ன விலைக்குப் போனது என்பது தரகர்களின் வாராந்த அறிக்கையில் அச்சாகி வருகிறது. பக்கத்துத் தோட்டத்தின் விலையைப் பக்கத்துத் தோட்டம் அறியும். பெருந்தோட்டக் கம்பனிகளில் பல கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவானவை. காலாண்டு கணக்கும் ஆண்டறிக்கையும் வெளியிடுகின்றன. உரத்தின் விலை, விறகின் விலை, மின்கட்டணம் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்தை நிர்ணயிப்பதே அரசாங்கம்.

மிஞ்சுவது என்ன? தோட்டம் தோட்டமாகப் பிரித்த இலாப நட்டம். கம்பனி தன் முகாமைக் கம்பனிக்குக் கட்டும் முகாமைக் கட்டணம் எந்த அடிப்படையில் கணிக்கப்படுகிறது என்பது. ஒரே குழுமத்துக்குள் தோட்டமும் ஏற்றுமதி நிறுவனமும் இருக்கும்போது இலாபம் எந்தப் பக்கம் எழுதப்படுகிறது என்பது. உதாரணமாக, ஹேலீஸ் குழுமத்தின் கீழ் களனிவெளி, தலவாக்கலை, ஹொரண ஆகிய மூன்று பெருந்தோட்டக் கம்பனிகளும் இருக்கின்றன, மப்றொக் என்ற ஏற்றுமதி நிறுவனமும் இருக்கிறது. அதில் பிழையொன்றும் இல்லை. சட்டப்படியான அமைப்பு, ஆண்டறிக்கையில் எழுதியும் இருக்கிறது. அந்த அமைப்பினால் தொழிலாளிக்கு நட்டம் என்று நான் சொல்லவில்லை. தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லும்போது எந்தப் புத்தகத்தின்படி நட்டம் என்று கேட்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

இனி, பெரும்பாலானவர்கள் கவனிக்காத ஒரு விடயம்.

எழுபதுகளில் தேசியமயமான தோட்டங்கள் 1992இல் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. முகாமை முதலில் தனியாரிடம் போனது, பின்னர் பங்குகளும் விற்கப்பட்டன. நிலம் விற்கப்படவில்லை. 53 வருடக் குத்தகை, 2045இல் முடியும். விற்கும்போது அரசாங்கம் ஒவ்வொரு கம்பனியிலும் ஒரே ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொண்டது. அதற்குப் பெயர் தங்கப் பங்கு. திறைசேரிச் செயலாளரின் பெயரில் இருக்கிறது. அந்த ஒரு பங்குக்குரிய உரிமைகளைக் கம்பனிகளின் ஆண்டறிக்கையிலேயே வாசிக்கலாம். கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். தங்கப் பங்குதாரரின் சம்மதமில்லாமல் குத்தகை நிலத்தை வேறு யாருக்கும் உபகுத்தகைக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வார எழுத்துமூல அறிவித்தல் கொடுத்து எந்நேரமும் கம்பனியின் புத்தகங்களையும் கணக்குகளையும் அவரோ அவர் நியமிப்பவரோ பார்வையிடலாம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 60 நாளுக்குள் குறிப்பிட்ட படிவத்தில் அவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

அதாவது, 1,700 ரூபா தரமுடியுமா முடியாதா என்ற கேள்விக்குரிய பெரிய புத்தகத்தை இரண்டு வார அறிவித்தலில் விரித்துப் பார்க்கும் உரிமை அரசாங்கத்தின் கையில் முப்பது வருடமாக இருக்கிறது. மே தின மேடையில் தொகையை அறிவிப்பதற்கு முன்னர் அந்த உரிமையைப் பயன்படுத்தி, இந்தக் கம்பனியால் இவ்வளவு முடியும், அந்தக் கம்பனியால் இவ்வளவுதான் முடியும் என்ற கணக்கைப் பொதுமக்கள் முன் வைத்திருந்தால், முடியாது என்ற வாதத்தின் கதை வேறாகியிருக்கும். மேடையில் சத்தமாகப் பேசிவிட்டு, கம்பனிகளின் குத்தகையை ரத்துச் செய்வோம் என்று மிரட்டுவது இலகு. காலாண்டு அறிக்கையை வாசிப்பது கஷ்டமான வேலைதான்.

வெளிநாட்டில் இதே கேள்வி எப்படித் தீர்ந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவின் வட கரோலினாவில் டிரூயிட் என்றொரு இரும்பு வேலைக் கம்பனி. தொழிற்சங்கம் மணித்தியாலத்துக்கு 10 சதம் கூட்டிக் கேட்டது. கம்பனி இரண்டரை சதத்துக்கு மேல் முடியாது, கொடுத்தால் கம்பனியே மூடப்படும் என்றது. அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள் என்றது சங்கம். அது உங்கள் வேலையல்ல என்றது கம்பனி. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1956இல் வந்த தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான்: பேச்சுவார்த்தையில் பொருட்படுத்தும் அளவுக்கு ஒரு காரணத்தை நீங்கள் முன்வைக்கிறீர்கள் என்றால், அது உண்மையென்று காட்டக் கேட்கும்போது காட்டத்தான் வேண்டும். முடியாது என்று சொல்லாத கம்பனி கணக்கைக் காட்ட வேண்டியதில்லை. தர விரும்பவில்லை என்று சொன்னால் அது வேறு பேச்சு. வறுமையைக் காரணம் காட்டினால் கொப்பியைத் திறக்க வேண்டும்.

சர்வதேச தொழில் அமைப்பும் இதையே சொல்கிறது. கூட்டுப் பேரம்பேசுதல் பற்றிய அதன் 1981ஆம் ஆண்டின் 163ஆம் இலக்கப் பரிந்துரை, அர்த்தமுள்ள பேச்சுவார்த்தைக்குத் தேவையான பொருளாதாரத் தகவல்களைத் தொழிலாளர் தரப்புக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. சில தகவல் வெளியே போனால் நிறுவனத்துக்குப் பாதிப்பு வரலாமே என்றால்? அப்போதும் மறுக்கச் சொல்லவில்லை. தேவையான அளவுக்கு இரகசியமாக வைத்துக்கொள்வோம் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு கொடுக்கலாம் என்கிறது. வாப்பாவின் பத்திரிகைக் கடதாசியை ஜெனீவாவில் உத்தியோகபூர்வமாக எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நீதிமன்றங்கள் விதிக்கும் இரகசியக் காப்பு உத்தரவும் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்த உத்தரவைப் பற்றி எங்களிடையே இருக்கும் எண்ணம் பெரும்பாலும் தலைகீழானது. கம்பனி நீதிமன்றத்துக்குப் போய் இரகசியம் என்று சொன்னால் எல்லாமே மூடப்பட்டுவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த உத்தரவின் நோக்கம் எதிர்த் தரப்புக்கு ஆவணத்தைக் காட்டவைப்பது. யார் பார்க்கலாம், பிரதி எடுக்கலாமா, வழக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற நிபந்தனைகள் அதில் இருக்கும். சில ஆவணங்களைச் சட்டத்தரணியும் நிபுணரும் மட்டும் பார்க்கலாம் என்றும் சொல்லலாம். நிபந்தனை இருப்பதால்தான் கம்பனிக்கு, தரமாட்டேன் என்று சொல்ல இடமில்லாமல் போகிறது.

இதற்குப் பெரிய உதாரணம் மலையகத்தோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரு பொருளைப் பற்றியது. கிளைபொசேட். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிப்பவர்கள் முதுகில் தாங்கியைச் சுமந்துகொண்டு அடித்த களைநாசினி. இலங்கை 2015இல் அதைத் தடைசெய்தது. தோட்டத்துறை கேட்டுக்கொண்டதால் 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022இல் தடை நீங்கியது. அமெரிக்காவில் இந்த மருந்தினால் புற்றுநோய் வந்ததாகச் சொன்னவர்கள் மொன்சான்டோ கம்பனிக்கு எதிராகத் தொடுத்த வழக்குகள் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி வின்ஸ் சாப்ரியாவின் முன் ஒன்றுசேர்க்கப்பட்டன. இரகசியக் காப்பு உத்தரவின் கீழ் கம்பனி தன் உள் மின்னஞ்சல்கள் உட்படப் பெருந்தொகை ஆவணங்களைக் கையளித்தது. பலவற்றில் இரகசியம் என்ற முத்திரை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள், இதில் வணிக இரகசியம் எங்கே இருக்கிறது, வெட்கப்பட வேண்டிய விடயம்தானே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேள்வி எழுப்பினார்கள். 2017 மார்ச்சில் நீதிபதி ஒரு தொகுதி ஆவணங்களின் முத்திரையை நீக்கினார். ஆய்வுக் கட்டுரைகளைக் கம்பனி ஆட்களே எழுதி வெளி விஞ்ஞானிகளின் பெயரில் வெளியிடுவது பற்றிக் கம்பனிக்குள்ளேயே பேசிக்கொண்ட மின்னஞ்சல்கள் அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தன. கம்பனி தன்மேல் பிழையில்லை என்றே சொல்லிவந்தது. அடுத்த வருடம் ஒரு பாடசாலைத் தோட்டப் பராமரிப்பாளருக்குச் சாதகமாக ஜூரி தீர்ப்புச் சொன்னது.

இந்த வழக்குகளின் முடிவைவிட வழிமுறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மருந்தின் தயாரிப்பு முறை வெளியில் வரவில்லை. போட்டிக் கம்பனி அதைத் திருடவில்லை. மருந்தடித்தவனின் உடம்பைப் பற்றிய பக்கம் மட்டும் திறந்தது.

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் மத்ரசா பிள்ளைகளுக்கும் தெரியும். மேலே காய்ந்தது, உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே, மக்கள் பார்க்கும்படி வைத்திருக்கலாமே என்று அவர்கள் கேட்டார்கள். அந்த வியாபாரி எங்கே கொள்முதல் செய்தார், என்ன விலைக்கு வாங்கினார் என்று அவர்கள் கேட்கவில்லை. அது அவருடைய தொழில். வாங்குகிறவனைப் பாதிக்கும் ஈரத்தைத்தான் மேலே வைக்கச் சொன்னார்கள். ஒருவர் நம்பிச் சொன்னதைக் காப்பது அமானிதம் என்று படித்த சமூகம் நாங்கள். ஆகவே கம்பனியின் நியாயமான இரகசியத்துக்கு எதிராகப் பேசுவது எனக்கு நோக்கமல்ல. அமானிதத்தின் பெயரால் ஈரத்தை உள்ளே வைப்பதுதான் பிரச்சினை.

கென்யாவில் இதைவிடக் கடினமான ஒன்று நடந்தது. கெரிச்சோவிலுள்ள ஜேம்ஸ் பின்லே தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், பாரம் தூக்கியே முதுகெலும்பு பழுதானதாகச் சொல்லி ஸ்கொட்லாந்தில் வழக்குப் போட்டார்கள். கம்பனி அங்கேதான் பதிவாகியிருந்தது. தோட்டத்தை நிபுணர்கள் நேரில் பார்வையிட எடின்பரோ நீதிமன்றம் உத்தரவிட்டது. கம்பனி நைரோபியில் உள்ள தொழில் நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்தும் இடைக்கால உத்தரவு வாங்கியது. அப்படி வாங்கக்கூடாது என்று ஸ்கொட்லாந்து நீதிமன்றம் கம்பனிக்குத் தடை போட்டது. இரண்டு நாட்டு நீதிமன்றங்களுக்கிடையில் ஒரு தோட்டத்தின் கேற். அந்தத் தோட்டங்களை வாங்கப்போவதாக 2023இல் அறிவித்தது இலங்கையின் பிரவுன்ஸ் இன்வெஸ்ட்மென்ட்ஸ். எங்கள் கம்பனிகள் ஆபிரிக்காவில் துரைமாராகும் காலத்தில் இருக்கிறோம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம்.

கம்பனிகள் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் சிறுதோட்ட உரிமையாளர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. அவர்களுக்கு லயன் இல்லை, வைத்தியசாலை இல்லை, பிள்ளைக் காப்பகம் இல்லை; செலவு குறைவு. கம்பனித் தோட்டங்களில் பல இடங்களில் தேயிலைச் செடி நூறு வருடக் கிழடு. 2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்திய அடி இன்னும் ஆறவில்லை. இவையெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் கணக்கைக் காட்டுவதில் கம்பனிக்கு இலாபம் இருக்கிறது. முடியாத கம்பனி முடியாது என்று நிரூபித்துவிட்டுப் போகலாம். காட்டாமல் இருக்கும்போது முடிந்த கம்பனியும் முடியாத கம்பனியும் ஒரே குடையின் கீழ் நின்று ஒரே பேச்சைப் பேசுகின்றன.

தொழிற்சங்கத்திடம் கொடுத்தால் அடுத்த நாளே அரசியல் மேடைக்குப் போய்விடும் என்ற பயமும் பொய்யல்ல. மலையகத் தொழிற்சங்கமும் அரசியல் கட்சியும் ஒரே வீட்டில் இரண்டு வாசல்கள். அதற்குத்தான் நிபந்தனை. தலைவரிடம் கொடுக்க வேண்டாம். சங்கம் நியமிக்கும் பட்டயக் கணக்காளர் ஒருவர் உறுதிமொழி கொடுத்துவிட்டு, சம்பள நிர்ணய சபையில் வைத்தோ நீதிமன்றப் பதிவாளர் முன்னிலையிலோ பார்க்கட்டும். வாடிக்கையாளர் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிடலாம். முகாமைக் கட்டணம், உள்விற்பனை, தோட்டவாரி இலாப நட்டம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு, இவ்வளவு முடியும் அல்லது முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு பக்கம் பகிரங்கமாகட்டும். நான் வேலை செய்த இடத்தில் வங்கிக்கு நாங்கள் இதைவிட அதிகம் காட்டினோம். கடன் கேட்கும்போது எந்தக் கம்பனியும் வங்கியிடம் இரகசியம் என்று சொல்வதில்லை.

இப்போது இதற்குப் புதிய காரணமும் சேர்ந்திருக்கிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1,350இலிருந்து 1,550 ரூபாவாகும் என்றும், அதற்கு மேல் வருகைக் கொடுப்பனவாக நாளொன்றுக்கு 200 ரூபாவை அரசாங்கமே தரும் என்றும் அறிவிக்கப்பட்டது. இதற்கென 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கப்பட்டது. தொழிலாளிக்குக் கிடைக்கும் எந்தச் சதத்தையும் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் ஒரு தனியார் கம்பனியின் சம்பளப் பட்டியலுக்குள் பொதுப்பணம் போகத் தொடங்கிவிட்டது. ஹட்டனில் என் கடையில் வற் வரி கட்டி சவர்க்காரம் வாங்குபவரின் பணமும் அதில் இருக்கிறது. சம்பளத்தின் ஒரு பகுதியை நாங்கள் கட்டும்போது, மீதியைக் கட்ட முடியாது என்பவரின் புத்தகம் எங்களுக்கு அந்நியமான புத்தகமாக எப்படி இருக்கும்?

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வணிக இரகசியத்தை மறுப்பதற்குரிய காரணமாக 5ஆம் பிரிவில் ஏற்றிருக்கிறது. அதே பிரிவிலேயே, வெளியிடுவதால் வரும் பொதுநலன் பாதிப்பைவிடப் பெரிதாக இருந்தால் மறுக்கக்கூடாது என்றும் எழுதியிருக்கிறது. கம்பனியிடம் கேட்டால் நாங்கள் அரச நிறுவனமல்ல என்று சொல்லலாம். ஆகவே கம்பனியிடம் கேட்க வேண்டாம். தங்கப் பங்கு இருப்பது திறைசேரியிடம். காலாண்டு அறிக்கை போவதும் அங்கேதான். திறைசேரி அரச நிறுவனம். கடந்த ஐந்து வருடத்தில் தங்கப் பங்குதாரருக்கு எந்தெந்தக் கம்பனி காலாண்டு அறிக்கை அனுப்பியது, எது அனுப்பவில்லை, கணக்குகளைப் பார்வையிடும் உரிமை எத்தனை தடவை பயன்படுத்தப்பட்டது என்ற மூன்று கேள்விகளில் எந்த வணிக இரகசியமும் இல்லை. கலவை விகிதத்தையோ வாடிக்கையாளரையோ யாரும் கேட்கவில்லை. கம்பனி ஆட்சேபித்தால் ஆணைக்குழு இரு தரப்பையும் கேட்டுத் தீர்மானிக்கட்டும். அதன்மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது.

விண்ணப்பத்தில் ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டியதில்லை. பிரஜையாக இருந்தால் போதும். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதற்காகக் காத்திருந்த குடும்பங்கள் இந்த லயன்களில் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தரலாமா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். இந்த மூன்று கேள்விகளையும் எழுதி, எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் இரண்டு தோட்டத்து இளைஞர்களுடன் சேர்ந்து நான் விண்ணப்பத்தைத் தயாரித்திருக்கிறேன். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் போகிறது.